எஞ்சின் அழுக்கை வழித்தெடுங்க, லோங்காங்கில் விடாதீங்க: அக்காவின் மோட்டார் டிப்ஸ்

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாளும் தீபாவளிக்கு முந்தின வாரமும் ரவாங்கில் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் வாசலுக்கு வாசல் மோட்டார் கழுவுவார்கள். சீட்டு மின்னும், மட்கார்டு மின்னும், ரிம் மின்னும். குனிந்து எஞ்சினுக்கு அடியில் பார்த்தால் கறுப்பாய் ஓர் அடை ஒட்டியிருக்கும். அதை யாரும் தொடுவதில்லை. தொடுகிறவர்களும் பெரும்பாலும் ஒரு போத்தல் டிகிரீசரை அடித்து, பைப்பைத் திறந்து, எல்லாவற்றையும் கால்வாயில் தள்ளிவிடுகிறார்கள்.

எஞ்சினை வீட்டிலேயே நன்றாகச் சுத்தம் செய்யலாம். ஒரு காலை நேரம் போதும், செலவும் சில வெள்ளிதான். இரண்டு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்க. ஒன்று, தண்ணீர் படுவதற்கு முன்னாலேயே அழுக்கில் முக்கால்வாசியைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். இரண்டு, அப்படி எடுத்தது கால்வாய்க்குப் போகக் கூடாது. ரவாங்கில் இருக்கிறவர்கள் இரண்டாவதை ஏன் மறக்கவே கூடாது என்று பின்னால் சொல்கிறேன்.

எஞ்சினை ஏன் சுத்தம் செய்ய வேண்டும்?

இஎக்ஸ்5, வேவ், மொடெனாஸ் கிரிஸ் என்று நம் பக்கம் ஓடுகிற கப்சாய்களில் பெரும்பாலானவை காற்றிலேயே குளிரும் எஞ்சின்கள். சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காய்த் தகடுகள் இருக்கின்றனவே, அவை அழகுக்கு வைத்தவை அல்ல. எஞ்சினின் சூட்டை ஓடுகிற காற்றுக்குக் கொடுப்பது அந்தத் தகடுகள்தான். இடுக்கில் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து இறுகிவிட்டால் காற்று உள்ளே போகாது, சூடும் வெளியே வராது. தோட்டத்துச் சாலையில் இரண்டு பேர் உட்கார்ந்து, பின்னால் ஒரு மூட்டையும் கட்டிக்கொண்டு மெதுவாக ஏறும்போது அந்தச் சூடு முழுவதும் எஞ்சின் ஆயிலின் தலையில்தான் விழும். இஎக்ஸ்5-இல் ஆயில் மாற்றும்போது ஊற்றுவது ஏறக்குறைய 700 மில்லி. அவ்வளவு கொஞ்சமான ஆயில் அதிகச் சூட்டில் சீக்கிரம் கெட்டுவிடும்.

ஒய்15 மாதிரி ரேடியேட்டர் வைத்த மோட்டார் என்றாலும் இதே கதைதான். ரேடியேட்டரின் மெல்லிய மடிப்புகளில் சேறு அடைத்தால் தண்ணீர் குளிராது.

இன்னொரு காரணம் கசிவு. சுத்தமான எஞ்சினில் ஒரு சொட்டு ஆயில் கசிந்தாலும் கண்ணில் படும். அழுக்கு மூடிய எஞ்சினில் கேஸ்கெட் போனது, சீல் தேய்ந்தது, நட்டு தளர்ந்தது எதுவுமே தெரியாது. நடுவழியில் நின்ற பிறகுதான் தெரியவரும். கோல சிலாங்கூர் பக்கத் தோட்டத்துச் சாலையில் இருட்டிய பிறகு மோட்டார் நின்றால் உதவிக்கு ஆள் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

எந்த ஊர் அழுக்கு என்று பாருங்க

எல்லா அழுக்குக்கும் ஒரே மருந்து கிடையாது. மோட்டார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பொறுத்து ஒட்டுகிற அழுக்கும் மாறும். கை வைப்பதற்கு முன் விரலால் தொட்டுப் பாருங்க.

*எஞ்சின் ஆயிலும் தூசியும்:* கறுப்பாக, பிசுபிசுப்பாக, வழவழவென்று இருக்கும். கசிவுதான் இதற்குக் காரணம். மண்ணெண்ணெய்க்கு இது இளகிவிடும்.

*செயின் கிரீஸ்:* இடப் பக்கம், செயின் சுற்றும் இடத்தில் கட்டியாக அப்பியிருக்கும். குச்சியால் சுரண்டினால் பாளம் பாளமாக வரும்.

*செம்பனை எண்ணெயும் செம்மண்ணும்:* ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் மோட்டாரில் இதுதான் அதிகம். லோரியிலிருந்து உதிர்ந்த செம்பனைப் பழங்கள் சாலையில் நசுங்கும். அந்த எண்ணெய் டயரில் ஒட்டி எஞ்சின் அடியில் தெறிக்கும். அதன் மேல் செம்மண் தூசி படிந்து செம்பழுப்பு நிறத்தில் மெழுகு மாதிரி இறுகிவிடும். செம்பனை எண்ணெய் முழுக்க இளக ஏறக்குறைய 35 டிகிரி சூடு வேண்டும். அதனால் பச்சைத் தண்ணீரில் எவ்வளவு தேய்த்தாலும் வழுக்குமே தவிர போகாது. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் இருந்தால் சுலபமாக வந்துவிடும். இதற்கு மண்ணெண்ணெய் அவ்வளவாகத் தேவைப்படாது.

*உரம்:* தோட்டத்தில் உர மூட்டை ஏற்றுகிற மோட்டார்களை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். பொட்டாஷ் உரம் ஒரு வகை உப்பு. ஈரத்தோடு அலுமினியத்தில் உட்கார்ந்தால் அரித்து, வெள்ளை வெள்ளையாகப் பூக்க வைத்துவிடும். உரம் ஏற்றிய அன்று மாலையே வெறும் தண்ணீரால் அலசிவிடுங்க. வாரக் கடைசிவரை தள்ளிப் போட வேண்டாம்.

*சிமெண்டுத் தூசி:* ரவாங்கில் சிமெண்டு ஆலையும் கற்சுரங்கங்களும் இருப்பதால் லோரிகளுக்குப் பின்னால் ஓடுகிற மோட்டார்களில் சாம்பல் நிறத் தூசி படியும். இதில் மட்டும் தண்ணீரை முதலில் ஊற்றிவிடாதீங்க. சிமெண்டு ஈரம் பட்டால் இறுகும். அதன் காரம் அலுமினியத்துக்கும் ஆகாது. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, காய்ந்த பிரஷால் தட்டி உதறிவிட்டு, அப்புறம்தான் தண்ணீர். ஏற்கெனவே இறுகியிருந்தால் வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்துச் சில நிமிடம் வைத்துத் தேய்த்து, உடனே நல்ல தண்ணீரில் அலசிவிடுங்க.

*உப்புக் காற்று:* ஜெராம், கோல சிலாங்கூர் கடலோரம் மோட்டாரை நிறுத்துகிறவர்கள் வாரம் ஒரு முறையாவது நல்ல தண்ணீரால் எஞ்சினை அலசுங்க. நட்டு, போல்ட்டு துருப்பிடித்து இறுகிப்போனால் பிறகு கழற்றும்போது உடைந்து எஞ்சினுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

கையில் இருக்க வேண்டியவை

பெயிண்ட் அடிக்கும் பிரஷ் ஒன்று, ஓர் அங்குல அகலம் போதும். பழைய பல் துலக்கும் பிரஷ் இரண்டு. ஐஸ்கிரீம் குச்சியும் சாத்தே குச்சியும். பழைய பனியன் துணி. கால் லிட்டர் மண்ணெண்ணெய், ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு. ஒரு வாளி வெந்நீர், ஒரு வாளி பச்சைத் தண்ணீர். கையுறை. பிளாஸ்டிக் பையும் ரப்பர் வளையமும். எஞ்சினுக்கு அடியில் வைக்க ஓர் அகலமான பழைய தட்டு. வெட்டித் திறந்த சமையல் எண்ணெய் டின் இருந்தால் அதுவே போதும். கொஞ்சம் மரத்தூளும் பழைய செய்தித்தாளும்.

மண்ணெண்ணெய்க்குப் பதிலாக டிகிரீசர் வாங்குவதாக இருந்தால் தண்ணீரில் கரையக்கூடியதாகப் பார்த்து வாங்குங்க. போத்தலில் அலுமினியத்துக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறதா என்று படிங்க.

கையில் எடுக்கவே கூடாதவை

*பெட்ரோல்:* இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பெட்ரோலின் ஆவி சுழியத்துக்குக் கீழ் 40 டிகிரிக் குளிரிலும் தீப்பிடிக்கக் கூடியது. நம் ஊர் வெயிலில் தட்டில் ஊற்றிய பெட்ரோலின் ஆவி தரையோடு தரையாகப் பரவி வீட்டுக்குள் எரியும் சாமி விளக்குவரை போய்விடும். மண்ணெண்ணெய்யும் எரியும்தான். ஆனால் அதன் ஆவி தீப்பிடிக்க 38 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதனால்தான் எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், நிழலில் செய்ய வேண்டும், பக்கத்தில் சிகரெட்டோ அடுப்போ இருக்கக் கூடாது என்கிறேன்.

*காஸ்டிக் சோடா கலந்த கிளீனர்:* அடுப்பு, ஓவன், அடைத்த சிங்க் இவற்றுக்கு விற்கும் கிளீனர்களில் இது இருக்கும். அழுக்கைச் சட்டென்று எடுக்கும், கூடவே அலுமினியத்தையும் தின்னும். கழுவிய பிறகு எஞ்சின் சாம்பல் பூத்து மங்கிவிடும். அந்த மங்கல் பாலிஷ் போட்டாலும் லேசில் போகாது.

*பாத்ரூம் ஆசிட்:* அலுமினியம், குரோம் இரண்டையும் கெடுக்கும்.

*கம்பிப் பிரஷும் இரும்பு நாரும்:* பெயிண்ட்டைக் கீறும். கீறின இடத்தில் அழுக்கு முன்னைவிட வேகமாகப் பிடிக்கும்.

*அதிவேகத் தண்ணீர்:* காடி கழுவும் ஜெட்டை எஞ்சினுக்குப் பக்கத்தில் கொண்டு போகாதீங்க. ஆயில் சீல், பேரிங், வயர் இணைப்பு எல்லாவற்றுக்குள்ளும் தண்ணீர் ஏறும். ரேடியேட்டர் மடிப்புகள் மடங்கிப் போகும்.

படிப்படியாகச் செய்வோம்

1. *நேரம்:* காலை வேளைதான் சரி. நம் பக்கம் மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும். நிழலில் நிறுத்துங்க. வெயிலில் சோப்பும் டிகிரீசரும் காய்ந்து தழும்பு விழும். ஓடி வந்த மோட்டாரை அப்படியே கழுவாதீங்க. கொதிக்கும் உலோகத்தில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். ஆறின பிறகு உள்ளங்கையை எஞ்சின் மேல் வைத்துப் பாருங்க. கை சுடாமல் வெதுவெதுப்பு மட்டும் தெரிந்தால் அதுதான் பக்குவம். அந்த இளஞ்சூட்டில் கிரீஸ் இளகிச் சுரண்டுவதற்குச் சுலபமாக இருக்கும். மண்ணெண்ணெய்யை எடுப்பதற்குள் முழுக்க ஆறிவிட வேண்டும்.

2. *மூட வேண்டியதை மூடுங்க:* எக்சோஸ் வாயில் துணியை உருட்டித் திணித்து, அதன் மேல் பிளாஸ்டிக் பையைப் போட்டு ரப்பர் வளையம் மாட்டுங்க. ஏர் ஃபில்டர் வாய், சாவித் துவாரம், தெரிகிற வயர் இணைப்புகள், பேட்டரி இருக்கும் இடம் எல்லாவற்றுக்கும் பை. பிளக் தொப்பி நன்றாக அழுத்தி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்க. பிளக்கை மட்டும் கழற்றிவிடாதீங்க. அந்தத் துவாரம் நேராகச் சிலிண்டருக்குள் போகிறது.

3. *தட்டை வையுங்க:* எஞ்சினுக்கு நேர் கீழே தட்டு. சுற்றித் தரையில் இரண்டு அடுக்குச் செய்தித்தாள்.

4. *சுரண்டுங்க:* இதுதான் வேலையின் மையம். ஒரு சொட்டுத் திரவம்கூட இல்லாமல், ஐஸ்கிரீம் குச்சியால் அடையை வழித்தெடுங்க. தகடுகளின் இடுக்குக்குச் சாத்தே குச்சி. மேலிருந்து கீழே வாங்க. பொறுமையாகச் செய்தால் ஒரு கைப்பிடி அழுக்கு தட்டில் சேரும். அவ்வளவும் தண்ணீருக்குப் போகாமல் தப்பிய அழுக்கு. சேரச் சேரச் செய்தித்தாளுக்கு மாற்றி மடித்து வையுங்க.

5. *மண்ணெண்ணெய்ப் பூச்சு:* ஒரு சின்ன டின்னில் கொஞ்சமாக ஊற்றி, பெயிண்ட் பிரஷை நனைத்து, மீதமிருக்கும் கறுப்பின் மேல் பூசுங்க. ஊற்ற வேண்டாம், பூசினால் போதும். பத்து நிமிடம் ஊற விட்டு, பல் துலக்கும் பிரஷால் சுழற்றித் தேய்த்து, துணியால் துடைத்தெடுங்க. ரப்பர் குழாய், கேபிள், சீட்டு, டயர், பிரேக் இவற்றில் மண்ணெண்ணெய் படக் கூடாது. ரப்பர் உப்பிவிடும். பிரேக்கில் பட்டால் அது பிடிக்காது.

6. *சோப்பும் வெந்நீரும்:* துடைத்த பிறகு மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் இருக்கும். வெந்நீரில் சோப்பைக் கலக்கி, கீழிருந்து மேலாகப் பூசிக்கொண்டு போங்க. மேலிருந்து பூசினால் சோப்பு கோடு கோடாக வழிந்து, அடியில் இருக்கும் காய்ந்த அழுக்கில் தடம் விழும். நுரை பழுப்பாக மாறினால் அழுக்கு கழன்றுவிட்டது என்று அர்த்தம்.

7. *அலசல்:* சின்னக் குவளையால் மேலிருந்து கீழே மெதுவாக ஊற்றுங்க. வாளித் தண்ணீரே போதும், பைப்பு வேண்டாம். குறைந்த தண்ணீர் என்றால் தட்டிலேயே பிடித்துவிடலாம்.

8. *காய வைத்தல்:* காய்ந்த துணியால் ஒற்றி எடுங்க. பிளக்கைச் சுற்றியுள்ள பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். சைக்கிள் பம்பால் ஊதி வெளியேற்றுங்க. பைகளையெல்லாம் எடுத்தாச்சா, எக்சோஸ் வாயில் திணித்த துணி வெளியே வந்தாச்சா என்று பார்த்துவிட்டு, ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் சும்மா ஓட விடுங்க. திருகி இரைய வைக்காதீங்க. மீதி ஈரம் அந்தச் சூட்டிலேயே போய்விடும். தெருவில் இறங்குவதற்கு முன் இரண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடித்துப் பாருங்க.

யாரும் திறக்காத மூடி

கப்சாயின் இடப் பக்கம், கியர் மிதிக்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு மூடி இருக்கும். அதற்குள்தான் முன் ஸ்ப்ராக்கெட் சுற்றுகிறது. எஞ்சினின் அழுக்கு நிறைய அங்கேதான் சேர்ந்திருக்கும். வெளியே எவ்வளவு பளபளப்பாகத் தேய்த்தாலும் இதைத் திறக்காவிட்டால் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை.

கியர் மிதியின் நட்டைத் தளர்த்தி, மிதி எந்தக் கோணத்தில் நின்றது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, வெளியே இழுங்க. மூடியின் போல்ட்டுகளைக் கழற்றும்போது எது எங்கே இருந்தது என்று பார்த்து ஓர் அட்டையில் அதே இடத்தில் குத்தி வையுங்க. நீளம் வெவ்வேறாக இருக்கும். மாற்றிப் போட்டால் மரை போய்விடும்.

மூடியைத் திறந்ததும், பல நாள் எண்ணெய் காய்ந்த வடைச் சட்டியின் அடி மாதிரி ஒரு கறுப்புப் பாளம் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி இறுகியிருக்கும். செயினிலிருந்து தெறித்த கிரீஸும், டயர் தூக்கிப் போட்ட மண்ணும், செம்பனை நாரும் சேர்ந்தது அது. குச்சியால் ஓரத்தில் நெம்பினால் முழுசாகப் பெயர்ந்து வரும். அவசரப்படாதீங்க. அந்தப் பக்கத்தில் நியூட்ரல் விளக்குக்குப் போகும் மெல்லிய வயர் இருக்கும். குச்சி மாட்டி இழுத்தால் அறுந்துவிடும்.

பாளம் போன பிறகு ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் பாருங்க. அங்கே ஒரு வட்டமான ரப்பர் சீல் இருக்கும். கொஞ்சம் தள்ளி கியர் மிதியின் தண்டு வெளியே வரும் இடத்தில் இன்னொரு சீல். இரண்டும் காய்ந்திருந்தால் நல்லது. ஈரமாகப் பளபளத்தால் அங்கிருந்து ஆயில் கசிகிறது. சீலின் விலை கொஞ்சம்தான். விட்டுவிட்டால் ஆயில் குறைந்து எஞ்சினே பிடித்துக்கொள்ளும். அப்படியே ஸ்ப்ராக்கெட் பற்களையும் பாருங்க. ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி மாதிரி கூர்ந்திருந்தால் செயினோடு சேர்த்து மாற்றும் நேரம் வந்துவிட்டது.

முகப் பவுடரால் கசிவைக் கண்டுபிடிப்பது

எஞ்சின் நன்றாகக் காய்ந்த பிறகு, வீட்டில் இருக்கிற முகப் பவுடரைக் கொஞ்சம் எடுத்து, சந்தேகப்படும் இடங்களில் மெலிதாகத் தூவுங்க. இஎக்ஸ்5 என்றால் சிலிண்டர் தலையில் மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு வட்டமான டேப்பெட் மூடிகள், சிலிண்டரும் தலையும் சேரும் கோடு, வலப் பக்கத்துக் கிளட்ச் மூடியின் ஓரம், அடியில் ஆயில் வடிக்கும் நட்டு.

பிறகு கடைவரைக்கும் போய்விட்டு வாங்க. வெள்ளைப் பவுடரில் எங்கே ஈரக்கோடு கறுத்திருக்கிறதோ அங்கேதான் கசிவு. பல இடம் நனைந்திருந்தால், அவற்றில் மேலாகவும் முன்னாகவும் இருக்கும் புள்ளியைப் பிடிங்க. ஆயில் கீழே வழியும், காற்று அதைப் பின்னால் தள்ளும். கீழே சொட்டுகிற இடத்தைப் பார்த்து அங்கே சீல் மாற்றிவிட்டு, மூன்றே நாளில் மறுபடியும் கசிகிறதே என்று அலைகிறவர்கள் நிறைய பேர்.

டேப்பெட் மூடியில் கசிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை மாற்றினால் போதும். ஆயில் வடிக்கும் நட்டில் கசிந்தால் வாஷரைப் புதிதாகப் போடுங்க. கசிகிறதே என்று 17 ஸ்பானரைப் போட்டு முழுப் பலத்தோடு இறுக்காதீங்க. அலுமினிய மரை உரிந்துவிட்டால் ஒரு வாஷரில் முடிய வேண்டியது பெரிய செலவாகிவிடும். மோட்டார் கடைக்குப் போவதாக இருந்தாலும், எங்கே கசிகிறது என்று விரலால் தொட்டுக் காட்டுகிறவர்களாகப் போங்க. தங்கச்சிகளுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன். தன் மோட்டாரைத் தெரிந்தவள் கேட்கிற கேள்வியே வேறு மாதிரி இருக்கும்.

கழுவின தண்ணீர் எங்கே போகிறது?

நம் வீட்டு வாசல் லோங்காங் பெரிய கால்வாயில் சேரும். கால்வாய் சிற்றாறுகளில் சேரும். ரவாங் வட்டாரத்துச் சிற்றாறுகள் போய்ச் சேருவது சிலாங்கூர் ஆற்றில். கோலாலம்பூரும் கிள்ளான் பள்ளத்தாக்கும் குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி அந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. தண்ணீர் எடுக்கும் இடங்கள் நமக்குக் கீழே இருக்கின்றன. மேலே இருக்கிறவர்கள் நாம்.

2020 செப்டம்பர் 3-ஆம் தேதி நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ரவாங்கில் ஓடும் சுங்கை கோங்கில் ரசாயன வாடை கலந்தது. இயந்திரங்களைப் பராமரிக்கும் ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்த கழிவு என்று அதிகாரிகள் சொன்னார்கள். சுங்கை சிலாங்கூர் முதலாம், இரண்டாம், மூன்றாம் கட்ட நிலையங்கள், ரந்தாவ் பஞ்சாங் நிலையம் என்று நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. கோவிட் காலம் அது. அடிக்கடி கை கழுவுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் குழாயில் தண்ணீர் இல்லை. வாளியும் டின்னுமாக மக்கள் தண்ணீர் லோரிக்குக் காத்திருந்தார்கள். அதற்கு முந்தின ஆண்டு, 2019 ஜூலையில், சிலாங்கூர் ஆற்றில் டீசல் கலந்தபோதும் நிலையங்களை மூடினார்கள்.

சேற்றையும் மண்ணையும் படிய வைத்து வடிகட்டுவதற்காகக் கட்டியவை அந்த நிலையங்கள். எண்ணெயும் கரைப்பான்களும் தண்ணீரில் கலந்துவிட்டால் அந்த வாடையை எடுப்பது மிகவும் கஷ்டம். அதனால்தான் வாடை வந்ததும் மூடிவிடுகிறார்கள். ஒரு தொழிற்சாலையின் கழிவும் நம் ஒரு தட்டு அழுக்கும் ஒன்றல்ல. ஆனால் பண்டிகைக்கு முந்தின வாரம் ஒரு தாமான் முழுக்க, ஊர் முழுக்க, எல்லாரும் எஞ்சின் கழுவி வாசலில் விட்டால் அது எவ்வளவு என்று நினைத்துப் பாருங்க.

சிலாங்கூர் ஆறு போகிற வழியில் கோல சிலாங்கூர் கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாக மின்னுகின்றன. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்க்கிறார்கள். அந்தப் பூச்சியின் புழு ஆற்றங்கரை ஈரத்தில் நத்தையைத் தின்று வளர்வது. கரையில் எண்ணெய் படிந்தால் நத்தைக்கும் வாழ்வில்லை, மின்மினிக்கும் வாழ்வில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்க. சுரண்டின கட்டியைச் செய்தித்தாளில் மடித்துப் பையில் கட்டுங்க. தட்டில் சேர்ந்த மண்ணெண்ணெய்க் கலவையை ஒரு மூடியுள்ள போத்தலில் ஊற்றி, மேலே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்க. வடித்த பழைய எஞ்சின் ஆயிலுக்கு வேறு போத்தல், இரண்டையும் கலக்க வேண்டாம். குடிக்கிற தண்ணீர் போத்தல் மாதிரி இருக்கிற எதிலும் ஊற்றாதீங்க, வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். ஆயில் மாற்றும் மோட்டார் கடைகளில் பழைய ஆயிலுக்கு டிரம் இருக்கும். உரிமம் பெற்றவர்கள் வந்து எடுத்துப் போவார்கள். பையையும் போத்தல்களையும் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டு அங்கே கொடுங்க. தரையில் சிந்தினதை மரத்தூள் போட்டு உறிஞ்சி, பெருக்கி எடுங்க. சோப்புத் தண்ணீரைத் தட்டிலேயே கொஞ்ச நேரம் விட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். செய்தித்தாளை மேலாகப் படர விட்டு அதை ஒற்றி எடுங்க. அந்தத் தாளும் அதே பைக்குத்தான்.

கைக்கும் உடம்புக்கும்

பழைய எஞ்சின் ஆயில் தோலுக்கு ஆகாது. வருடக்கணக்கில் தொடர்ந்து தோலில் பட்டால் தோல் புற்றுநோய்வரைக்கும் கொண்டு போகக்கூடிய பொருட்கள் அதில் இருக்கின்றன. கையுறை போட்டுக்கொள்ளுங்க. அழுக்குத் துணியைக் கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டு நடக்காதீங்க. கையில் கறுப்பு ஏறிவிட்டால் பெட்ரோலில் கழுவுகிற பழக்கம் நம் பையன்களுக்கு உண்டு. அதை இன்றோடு விட்டுவிடுங்க. ஒரு கரண்டி சமையல் எண்ணெய்யைக் கையில் தேய்த்து, ஒரு கரண்டி சீனி போட்டு உரசி, துணியால் துடைத்த பிறகு சோப்பு போடுங்க. நகக்கண் உட்பட வெளுத்துவிடும்.

வேலைக்குப் போட்ட உடையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். மண்ணெண்ணெய்த் துணிகளைக் குவித்து வைக்காமல் வெளியே பிரித்துக் காய வைத்து, காய்ந்ததும் கழிவுப் பையில் போடுங்க. சமையலறைப் பக்கம் கொண்டு வரவே கூடாது.

எத்தனை நாளைக்கு ஒரு முறை?

தாமானுக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓடுகிற மோட்டார் என்றால் ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் முந்தின நாள் துடைத்தெடுத்தால் போதும். ஆயில் மாற்றுகிறவருக்கும் கசிவு தெரியும். தோட்டத்து மண் சாலையில் ஓடுகிறது என்றால் மாதம் ஒரு முறை சுரண்டல். மழைக் காலத்தில் வாரம் ஒரு முறை தகடுகளின் இடுக்கைக் குச்சியால் குத்திச் சேற்றை எடுத்துவிடுங்க. சேறு ஈரமாக இருக்கும்போதே எடுத்தால் இரண்டு நிமிட வேலை. ஸ்ப்ராக்கெட் மூடியை வருடத்துக்கு இரண்டு தடவையாவது திறங்க. செயினுக்கு எண்ணெய் விட்ட பிறகு கூடுதலாக இருப்பதைத் துணியால் துடைத்துவிடுங்க, மூடிக்குள் பாளம் சேருவதே குறையும்.

இந்தத் தடவை பூஜைக்குப் பொட்டும் மாலையும் வைப்பதற்கு முன் எஞ்சினையும் ஒரு முறை குனிந்து பாருங்க. பக்கத்து வீட்டுத் தம்பி பைப்பை எடுத்துக்கொண்டு வந்தால், ஒரு குச்சியும் தட்டும் கொடுத்து, முதலில் சுரண்டச் சொல்லுங்க. இரண்டு வீட்டுக் கழிவையும் ஒரே பையில் கட்டி, இரண்டு பேருமாகக் கடையில் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வாங்க.